மக்கள் என்றால் பிள்ளைகள்

சந்தாபுராவில் ஏரி கெட்டது, ஊர் நகரமானது, கிராம சபை போனது. இவற்றைக் கண்ணெதிரே பார்த்து வளரும் மாணவர்களுக்கு ஊர் விஷயத்தில் பேச ஓர் இடம் வேண்டாமா?

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து சந்தாபுராவில் வாடகை வீட்டுக்குத் திரும்பும் ஓர் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரிப் பக்கமோ திருவண்ணாமலைப் பக்கமோ சொந்த ஊர். கன்னடம் சரளமாகப் பேசுவார், எழுத வராது. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, புரசபைக்கு (ஊர் நகராட்சிக்கு) ஒரு மனு எழுத வேண்டும். யார் எழுதுவார்? எட்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, மேலே ‘இவரிந்த’ என்று அனுப்புநரையும், அதன் கீழே ‘இவரிகெ’ என்று பெறுநரையும் எழுதுகிறாள். அப்புறம் ‘விஷய’. அப்புறம் ‘மான்யரே’. அப்பா தமிழில் சொல்லச் சொல்ல, அவள் கை கன்னடத்தில் ஓடுகிறது.

“மூணு நாளா தண்ணி வரலைன்னு போடும்மா.”

“அப்படிப் போட்டா பத்தாதுப்பா. எந்தத் தேதியிலேருந்து, எந்தக் குறுக்குத் தெருன்னு போடணும்.”

ஓசூர் சாலை நெடுகிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 21 லட்சம் பேர். அவர்களில் பலர் வீட்டில் ரேஷன் கார்டு விண்ணப்பம், வங்கிப் படிவம், மின்கட்டணப் புகார் எல்லாம் பிள்ளைகள் கையால்தான் எழுதப்படுகின்றன. பதின்மூன்று வயதில் அரசு அலுவலகத்தோடு பேசத் தெரிந்த தலைமுறை இது. ஆனால் கடிதத்தை எழுதி முடித்ததும் அவள் பேனாவை அப்பாவிடம் நீட்டிவிடுகிறாள். கையெழுத்து அவருடையது. கோரிக்கையும் பெரியவர்களுடையதாகவே ஊர்க் கணக்கில் பதிவாகிறது.

அந்தப் பேனாவுக்குச் சொந்தக்காரியான மாணவி தன் ஊருக்காகத் தன் பெயரிலேயே எழுத ஒரு வழி வேண்டும். சந்தாபுராவைப் போல அதைக் கட்டாயமாகக் கேட்டு நிற்கும் ஊர்கள் அதிகம் இல்லை.

500 கோடி ரூபாய் ஏரி

பெங்களூரு நகர மாவட்டம், ஆனேக்கல் தாலுகா. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, பொம்மசந்திராவைத் தாண்டி ஓசூர் நோக்கிப் போனால் சந்தாபுரா. ஒரு பக்கம் ஆனேக்கல் சாலை பிரியும், மறுபக்கம் தொம்மசந்திரா சாலை. தொழிற்சாலைகளும் வாடகைக் குடியிருப்புகளும் அடுக்குமாடிகளும் வயல்களை விழுங்கி வளர்ந்த ஊர்.

2022 அக்டோபரில் இந்த ஊரின் பெயர் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். நீதிபதி ஆதர்ஷ் குமார் கோயல் தலைமையிலான அமர்வு போட்ட உத்தரவு அது. சுத்திகரிக்காத கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவு, ஆக்கிரமிப்பு என்று ஏரி மெல்ல மெல்லச் செத்ததற்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றது தீர்ப்பாயம்.

அந்த வழக்கு தொடங்கிய விதத்தை மாணவர்கள் அறிய வேண்டும். பெரிய வழக்கறிஞர் யாரும் ஆளுயரக் கோப்போடு போய்த் தொடுத்த வழக்கு அல்ல. ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. யாரோ ஒருவர் ஏரிக்கரையில் நின்று பார்த்தார், விசாரித்தார், எழுதினார். அந்த எழுத்து தில்லி வரை போய் ஓர் அரசைக் கூண்டில் நிறுத்தியது. அந்தக் கரையை ஒட்டிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதே நாற்றத்தை அந்தச் செய்தியாளருக்கு முன்பே, பல வருடங்களாக முகர்ந்தவர்கள். எந்த மாதத்தில் தண்ணீர் கறுக்கிறது, எந்த மழையில் நுரை கிளம்புகிறது, எந்தக் கால்வாயில் இரவில் திறந்து விடுகிறார்கள் என்பதை அன்றாடம் அந்த வழியில் நடப்பவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சொல்லவும் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

இது சந்தாபுராவோடு முடிகிற கதையும் அல்ல. இந்தப் பகுதி ஏரிகளின் தண்ணீர் முத்தநல்லூர்ப் பக்கம் இறங்கி, தென்பெண்ணைப் படுகையைச் சேர்கிறது. கன்னடத்தில் தட்சிண பினாகினி, தமிழில் தென்பெண்ணை. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலம்தோறும் வெள்ளை மலைபோல் எழும் நுரையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெங்களூரின் தென்கிழக்கு ஓரத்துக் கழிவுநீர்தான் அங்கே நுரையாக நிற்கிறது. கிருஷ்ணகிரி விவசாயி அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறார். தர்மபுரியிலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை சந்தாபுராவில் ஏரிக்காகக் குரல் கொடுத்தால், அது அவளுடைய தாத்தா ஊர் ஆற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் குரல்.

ஒரு சொல், இரண்டு மொழி

கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் குழந்தைகள். தமிழில் ‘மக்கள்’ என்றால் ஊர் சனம். ஆனால் பழந்தமிழில் பிள்ளைகளையும் மக்கள் என்றே சொன்னோம். திருக்குறளில் பிள்ளைப்பேற்றைப் பற்றிய அதிகாரத்துக்கு மக்கட்பேறு என்றுதான் பெயர். இரண்டு மொழியும் ஒரே வேரிலிருந்து கிளைத்து, ஒன்று பிள்ளையைப் பிடித்துக்கொண்டது, மற்றது ஊரைப் பிடித்துக்கொண்டது.

கர்நாடகத்தில் ‘மக்கள கிராம சபே’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. தமிழ்க் காதுக்கு அது ‘மக்கள் கிராம சபை’ என்றே விழும். உண்மையில் அது சிறுவர் கிராம சபை. ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்தும் ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டி, அவர்கள் குறையைக் கேட்டு, பதில் சொல்ல வேண்டும் என்று 2006-ல் மாநில அரசு ஆணையிட்டது.

அந்த ஆணை அரசு அலுவலக மேசையில் பிறந்ததல்ல. அதற்குப் பின்னால் பெங்களூரு உழைக்கும் சிறுவர்களின் கதை இருக்கிறது. நந்தனா ரெட்டியும் அவருடைய தோழர்களும் தொடங்கிய ‘தி கன்சர்ன்ட் ஃபார் வொர்க்கிங் சில்ட்ரன்’ என்ற அமைப்பு, ஓட்டல்களிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்த சிறுவர்களோடு பழகியது. 1990-ல் அந்தச் சிறுவர்கள் ‘பீம சங்க’ என்று தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். “எங்களைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் நாங்கள் ஏன் இல்லை?” என்ற கேள்வி அங்கிருந்து கிளம்பி, உடுப்பி மாவட்டத்துக் குந்தாபுரா கிராமங்களில் ‘மக்கள பஞ்சாயத்’ ஆனது. சிறுவர்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியவர்களின் பஞ்சாயத்தோடு அந்தப் பிரதிநிதிகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசினார்கள்.

அவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? அந்த மலையடிவாரத்தில் மழைக்காலத்தில் ஓடை பெருகினால் கடக்க ஒற்றை மரத்தைப் போட்டிருப்பார்கள். ‘காலு சங்க’ என்பார்கள் அந்த நடைபாலத்தை. புத்தகப் பையோடு அதில் நடப்பது பிள்ளைகள். பெரியவர்களின் பட்டியலில் சாலை, கட்டடம், தெருவிளக்கு என்று வரிசை இருக்கும். பிள்ளைகளின் பட்டியலில் பாலத்துக்குக் கைப்பிடி முதலில் வரும். பள்ளிக் கழிவறைக்குத் தண்ணீர், பள்ளி மணிக்கு ஒத்துவரும் பேருந்து, பள்ளிக்கூட வழியில் இருக்கும் சாராயக்கடை. இவை வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அன்றாடம் படுகிறவர் சொன்னால்தான் பட்டியலில் மேலே ஏறும்.

கூட்டம் நடக்கும் விதத்தைச் சொன்னால் புரியும். சபைக்குச் சில நாள் முன்பே வகுப்பு வகுப்பாக, தெருத்தெருவாகக் குறைகளைப் பட்டியலிடுகிறார்கள். கூட்ட நாளில் பஞ்சாயத்துத் தலைவர், வளர்ச்சி அதிகாரி, பள்ளி, சுகாதாரம், காவல் துறையினர் முன்னால் உட்கார, பிள்ளைகள் தரையில் அமர்ந்திருப்பார்கள். ஒரு சிறுமி எழுந்து துண்டுச் சீட்டைப் பார்த்து வாசிப்பாள். குரல் நடுங்கும். “எங்கள் பள்ளியில் பெண்கள் கழிவறைக்குக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.” அவ்வளவுதான். ஆனால் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. அடுத்த வருடக் கூட்டத்தில் ‘போன வருடத் தாழ்ப்பாள் என்ன ஆச்சு?’ என்று அவளோ அவள் தங்கையோ கேட்கலாம். கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் ஜனநாயகம் என்று பெயர்.

ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு. 1989-ல் வந்த அந்த உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றது. கேரளத்தில் குடும்பஸ்ரீ வழியாகப் ‘பாலசபை’கள் இயங்குகின்றன. கன்னியாகுமரியில் எட்வின் என்ற பாதிரியார் தொடங்கிவைத்த அக்கம்பக்கத்துச் சிறுவர் பாராளுமன்றங்கள், முப்பது நாற்பது வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளேயே ஒரு பிரதமர், ஒரு சுகாதார அமைச்சர் என்று பொறுப்புக் கொடுத்து வளர்ந்தன. விதை தென்னாட்டில் பரவலாகவே விழுந்திருக்கிறது.

நகரமானால் சபை போகும்

சந்தாபுராவின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பஞ்சாயத்துகளாக இருந்த ஊர்கள் வளர்ந்து, மக்கள் பெருகி, புரசபை ஆகின. சந்தாபுரா இன்று ஒரு புரசபை. புரசபை வந்தால் நிதி கூடும், சாலை அகலும், சாக்கடைத் திட்டம் வரும் என்று ஊர் மகிழ்ந்தது. ஆனால் அன்றைக்கே ஒன்று சத்தமில்லாமல் கைவிட்டுப் போனது. கிராம சபை.

அரசியல் சட்டத்தின் 243-ஏ பிரிவு கிராமத்துக்குக் கிராம சபையைத் தருகிறது. வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நகரத்துக்கு அப்படி ஒன்று இல்லை. 243-எஸ் பிரிவு வார்டு குழுக்களைச் சொல்கிறது. அதுவும் 3 லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே கட்டாயம். சந்தாபுரா அளவு ஊர்கள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. கிராமமாக இருந்தபோது உட்கார்ந்து பேச ஒரு மைதானம் இருந்தது. மாநகரமாக இருந்தால் வார்டு குழு இருக்கும். நடுவில் நிற்கும் ஊருக்கு அரசியல் சட்டம் கட்டாயமாக எதையும் தரவில்லை. ஓசூர் சாலையோரம் வேகமாக நகரமாகும் எல்லா ஊர்களுக்கும் இதே நிலைதான்.

தொம்மசந்திரா சாலையில் சில கிலோமீட்டர் போனால் முத்தநல்லூர், கிராமப் பஞ்சாயத்து. அங்கே ஒரு மாணவிக்கு வருடத்துக்கு ஒரு முறை ‘மக்கள கிராம சபே’யில் எழுந்து நிற்க உரிமை உண்டு. இங்கே சந்தாபுராவில், அதே ஏரிச் சங்கிலியின் மேல்பகுதியில், அவள் வயது மாணவிக்கு அந்த ஆணை பொருந்தாது. மாசு தொடங்கும் இடத்தில் வாயடைப்பு, வந்து சேரும் இடத்தில் பேச்சுரிமை. பெரியவர்களுக்காவது ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஓட்டு உண்டு. பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு ஓட்டும் இல்லை, சபையும் இல்லை.

தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், நகரங்களிலும் ‘பகுதி சபை’ கூடத் தொடங்கியது. முதல்வர் மு.க.ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டார். நகரத்துக்கும் சபை வேண்டும் என்ற தேவையை ஓர் அரசு ஏற்ற தருணம் அது. அதிலும் பிள்ளைகளுக்குத் தனி நாற்காலி இல்லை என்பது குறைதான். ஆனால் நகரத்தில் சபை நடத்த முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வீதியிலிருந்து மேசைக்கு

மாணவர்கள் கொள்கையை மாற்றிய வரலாறு தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1965-ல் மாணவர்கள் வீதிக்கு வந்த பிறகுதான் ஆட்சிமொழிச் சட்டத்துக்கு 1967-ல் திருத்தம் வந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய இளைஞர்கள் கலையும் முன்பே ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் வந்தது. ஜனவரி 23 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது.

ஆனால் வீதி என்பது கதவு அடைத்திருக்கும்போது தட்டும் இடம். எல்லா ஊருக்கும் எல்லா நாளும் மெரினா வாய்க்காது. தண்ணீர்க் குழாய்க்கும் பேருந்து நேரத்துக்கும் லட்சம் பேர் கூட மாட்டார்கள். அங்கே வேலை செய்வது வேறொரு திறமை. ஆவணத்தைத் தேடி எடுப்பது, படிப்பது, எண்ணை எண்ணோடு ஒப்பிடுவது, கெடு தேதிக்குள் எழுத்தில் கொடுப்பது, பதில் வரும்வரை விடாமல் இருப்பது.

அந்தத் திறமையை நம் மாணவர்கள் காட்டியதும் உண்டு. 2020-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் புதிய வரைவை வெளியிட்டு, 60 நாளில் கருத்துக் கேட்டது. ஊரடங்கு நாட்கள். கல்லூரிகள் மூடியிருந்தன. வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாணவர்கள் அந்த வரைவைப் பத்திபத்தியாகப் பிரித்துப் படித்தார்கள், தங்கள் மொழியில் விளக்கினார்கள், மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்குப் போனவர்களும் இருந்தார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்த வரைவை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது தில்லி உயர் நீதிமன்றம். கெடு ஆகஸ்ட் 11 வரை நீண்டது. பல லட்சம் கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு முழுமையாக இறுதி அறிவிக்கையாக வரவே இல்லை.

படிக்கத் தெரிந்தவர்கள் கெடுவுக்குள் எழுதினால் காகிதத்துக்கும் பலம் உண்டு. 2014-ல் மத்திய அரசு ஏற்ற சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கை, எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. முப்பது நாள் என்பது ஒரு கல்லூரி வகுப்பு ஒரு சட்ட வரைவைப் படித்து எழுதப் போதுமான காலம்.

மதிப்பெண்ணோடு நிற்கும் கடிதம்

பள்ளியில் கடிதம் எழுதுவது ஒரு பாடம். ‘உங்கள் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது. நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுக.’ கன்னடத் தாளிலும் வரும், ஆங்கிலத் தாளிலும் வரும், ஓசூரில் தமிழ்த் தாளிலும் வரும். நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் கற்பனை ஆணையருக்குக் கற்பனைச் சாக்கடையைப் பற்றி எழுதுகிறார்கள். மதிப்பெண் கிடைக்கிறது. விடைத்தாள் கட்டிப் பரணில் ஏறுகிறது. வகுப்புக்கு வெளியே உண்மைச் சாக்கடை ஓடுகிறது.

அந்தக் கடிதத்தை ஒரே ஒரு முறை உண்மையாகத் தபாலில் சேர்த்தால் என்ன? ஆசிரியர் வகுப்பைத் தெருக்களாகப் பிரிக்கட்டும். ஐந்து பேர் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் எந்த நாள், எத்தனை மணி நேரம் வருகிறது என்று ஒரு மாதம் குறிக்கட்டும். அந்த அட்டவணையைப் பின்னால் இணைத்துப் புரசபையின் முக்கிய அதிகாரிக்கு எழுதட்டும். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கட்டும். அந்த முத்திரை பட்ட நகலை வகுப்புச் சுவரில் ஒட்டட்டும். குடிமையியல் பாடப் புத்தகம் ஒரு வருடத்தில் சொல்லித்தராததை அந்த ஒரு நீல முத்திரை சொல்லித்தரும்.

மனுவுக்குப் பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். சட்டம் ‘குடிமக்கள் அனைவருக்கும்’ என்றுதான் சொல்கிறது, வயதைச் சொல்லவில்லை. கர்நாடக விதிகளில் இரண்டு கட்டுப்பாடு உண்டு: ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம், 150 சொற்களுக்குள். இளையவர்களுக்கு இது நல்ல பயிற்சி. ‘ஏன் எங்கள் ஏரியைக் காக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது கேள்வி, தகவல் அல்ல. ‘சந்தாபுரா ஏரி நீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடந்த 12 மாதங்களில் எந்தெந்தத் தேதியில் சோதித்தது? ஒவ்வொரு சோதனை அறிக்கையின் நகலும் தருக’ என்று கேட்டால் காகிதம் வரும்.

வந்த காகிதத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. குளிக்கத் தகுந்த ‘பி’ தர நீரில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும். மீன் வாழத் தகுந்த ‘டி’ தரத்துக்குக் குறைந்தது 4. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குப் புரியாத கணக்கு இதில் எதுவும் இல்லை. அறிவியல் பாடத்தில் படித்த ‘கரைந்த ஆக்சிஜன்’ தன் ஊர் ஏரியில் எத்தனை என்று பார்க்கும் கணத்தில் பாடம் உயிர் பெறுகிறது.

நாற்காலி போட்டால் போதாது

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெரியவர்கள் பிள்ளைகளைப் பதாகை பிடிக்க வைத்து, எழுதிக்கொடுத்ததை வாசிக்க வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-ல் யூனிசெஃபுக்காக எழுதிய நூலில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அடிப்படிகள் மூன்றும் பங்கேற்பே அல்ல என்றார்: பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரமாக்குவது, பெயருக்கு உட்கார வைப்பது. நம் ஊர் விழாக்களில் பல அந்த மூன்று படிகளிலேயே நின்றுவிடுகின்றன. பிள்ளைகள் சொன்னதால் ஏதாவது ஒன்று மாறியதா என்று பார்த்தால் அந்த ஏணியில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

ஆசிரியர்களின் பயமும் நியாயமானது. ‘அரசியல் பேசவைக்கிறார்’ என்று யாராவது புகார் கொடுத்தால் ஆசிரியர் வேலைக்கு யார் பாதுகாப்பு? கர்நாடகக் கல்லூரிகளில் மாணவர் சங்கத் தேர்தல்கள் 1980-களின் இறுதியில் வன்முறையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டன. அதற்குப் பிறகு பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கே கல்லூரியில் ஓட்டுப் போட்ட அனுபவம் இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில், 1989-ல்தான், அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம் ஓட்டுரிமை வயதை 21-லிருந்து 18 ஆக்கியது. நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கலாம், வகுப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற முரண்பாட்டில் நம் மாணவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். கட்சிக் கொடி வேண்டாம் என்பது சரி. தண்ணீரும் ஏரியும் பேருந்தும் எந்தக் கட்சியின் சொத்தும் அல்ல. அதைப் பேசுவதற்கு ஆசிரியருக்கு எழுத்துமூல அனுமதியைக் கல்வித் துறை கொடுத்தாலே பாதிப் பயம் போகும்.

பிள்ளைகளின் பாதுகாப்பும் முக்கியம். ஆலைக் கழிவையோ ஆக்கிரமிப்பையோ பற்றிப் பேசினால் கோபப்படும் ஆட்கள் உண்டு. ஆகவே தனிப் பிள்ளையின் பெயரில் புகார் போகக் கூடாது. வகுப்பாக, குழுவாகப் போக வேண்டும். ஏரிக்கரைக்குப் போனால் ஆசிரியரோடு போக வேண்டும். தண்ணீரைத் தொடுவதும் மாதிரி எடுப்பதும் ஆய்வகத்தாரின் வேலை. பார்ப்பதும் எழுதுவதும் கேட்பதும் மாணவர் வேலை.

கதவுகள் இருக்கின்றன

பெங்களூருக்கு இந்தப் பாதை புதிதல்ல. சாமுவேல் பால் நிறுவிய பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர், அரசுத் துறைகளுக்கே மக்கள் மதிப்பெண் அட்டை கொடுத்தது. அதன் துணையோடு 2000-ல் தொடங்கிய குடிமை விழிப்புணர்வுக்கான சிறுவர் இயக்கம் பள்ளிகளில் குடிமை மன்றங்களை அமைத்தது. ஜனாகிரஹா அமைப்பு மாணவர்களுக்கு நகராட்சி எப்படி இயங்குகிறது என்று கற்பித்தது. 2015 முதல் நகர பட்ஜெட்டுக்கு மக்களிடம் யோசனை கேட்கும் இயக்கத்தையும் அது நடத்தியது. இவற்றின் வெளிச்சம் பெரும்பாலும் மாநகரத்துக்குள்ளேயே நின்றது. ஓசூர் சாலையில் 25 கிலோமீட்டர் தள்ளி வர வேண்டும்.

வந்தால் திறக்கக்கூடிய கதவுகள் சந்தாபுராவில் ஏற்கெனவே இருக்கின்றன.

முதல் கதவு, பட்ஜெட். கர்நாடகத்தில் நகரசபை, புரசபைகள் பட்ஜெட்டுக்கு முன் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடத்துவது வழக்கம். அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் இரண்டு மாணவர்களை அழைக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-ல் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, 12 முதல் 25 வயது வரையிலானவர்களே அதை எதற்குச் செலவிடலாம் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது. சந்தாபுராவுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு பள்ளி வழித் தெருவிளக்குக்கான தொகையைப் பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். அது போதும், தொடங்க.

இரண்டாவது கதவு, பள்ளிக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மீதி இடங்களில் ஒரு பகுதியில் உள்ளூர்க் கல்வியாளரோ, அந்தப் பள்ளியின் பிள்ளைகளோ இருக்கலாம் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. கர்நாடகப் பள்ளிகளில் இது எஸ்.டி.எம்.சி. என்று இயங்குகிறது. பெற்றோர்கள் மனது வைத்தால் அந்த மேசையில் ஒரு மாணவிக்கு இடம் கிடைக்கும்.

மூன்றாவது கதவு, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டம். 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய இதில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பெரும்பாலும் மரம் நடுகிறார்கள், தெரு கூட்டுகிறார்கள். அந்த 120 மணியில் 20 மணி நேரத்தை ஏரி ஆவணம் தொகுக்க, பேருந்து நேரம் கணக்கெடுக்க, மனு எழுதிக்கொடுக்கச் செலவிட்டால் அதுவும் சேவைதானே? 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் 19 கிலோமீட்டர் ஓடி பொம்மசந்திரா வரை வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து சந்தாபுரா, ஆனேக்கல், அத்திபெலே போகும் மாணவர்களுக்கு எந்த மணியில் எத்தனை இணைப்புப் பேருந்து வேண்டும் என்ற கணக்கை, அந்த நிலையத்தில் தினம் காத்து நிற்கும் கல்லூரி மாணவர்களைவிட யார் துல்லியமாகத் தர முடியும்?

நான்காவது கதவு இன்னும் கட்டப்படவில்லை. அதைக் கட்டத்தான் கர்நாடக அரசிடம் கேட்கிறோம். 2006 ஆணையில் ‘கிராம’ என்ற சொல்லோடு ‘வார்டு’ என்ற சொல்லையும் சேருங்கள். ஒவ்வொரு புரசபை வார்டிலும் ஆண்டுக்கு ஒரு முறை ‘மக்கள வார்டு சபே’ கூடட்டும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று எந்த மொழியில் பேசினாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். கவுன்சிலரும் அதிகாரியும் எழுத்தில் பதில் தரட்டும். அந்தப் பதிலை 60 நாளில் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிக்கட்டும். ஊர் வளர்ந்ததற்காகப் பிள்ளைகளின் உரிமை குறையக் கூடாது.

மாணவர்கள் முதலில் செய்ய ஆறு

1. ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள். ‘குப்பை’ என்று எடுக்காதீர்கள். ‘பள்ளி வாசலில் குப்பை வண்டி வராத நாட்கள்’ என்று எடுங்கள்.

2. ஒரு மாதம் தேதி போட்டுக் குறியுங்கள். கோபத்தை மறுக்கலாம், தேதியை மறுக்க முடியாது.

3. எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள். ஏரி ஒரு துறை, சாக்கடை ஒரு துறை, மாசு ஒரு துறை.

4. ஒரு பக்கத்தில் எழுதுங்கள். என்ன நடக்கிறது, என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும்.

5. முத்திரையோ பதிவு எண்ணோ வாங்காமல் திரும்பாதீர்கள். கர்நாடகத்தில் 1902 என்ற ஜனஸ்பந்தன எண்ணிலும் புகார் பதியலாம்.

6. வேலை நடந்தால் நன்றிக் கடிதம் எழுதுங்கள். நடக்காவிட்டால் தகவல் உரிமை, பிறகு மேல்முறையீடு. நீங்கள் பள்ளி மாறிப் போனால் கோப்பை அடுத்த வகுப்பிடம் ஒப்படையுங்கள்.

ஆறாவது குறிப்பின் கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஏரி ஒரு வருடத்தில் சாகவில்லை, ஒரு வருடத்தில் பிழைக்கவும் பிழைக்காது. 500 கோடி உத்தரவு போட்டாலும், அந்தப் பணம் எங்கே போனது, எந்தக் கால்வாய் அடைபட்டது, எந்த மாதம் தண்ணீர் தெளிந்தது என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அதிகாரிகள் மாறுவார்கள். கவுன்சிலர்கள் மாறுவார்கள். வாடகை வீட்டுக்காரர்களும் மாறுவார்கள். பள்ளி அங்கேயே இருக்கும். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு புது எட்டாம் வகுப்பு வந்து உட்காரும். ஊரின் நினைவைக் காக்க இதைவிட உறுதியான இடம் இல்லை.

அப்பாவுக்காகக் கன்னடத்தில் மனு எழுதும் அந்த மகளிடம் வருவோம். தேதி போடணும், தெரு போடணும் என்று அவளுக்குத் தெரியும். யாருக்கு எழுத வேண்டும் என்றும் தெரியும். அவளுக்கு நாம் கற்றுத்தர வேண்டியது மிகக் குறைவு. திறந்துவிட வேண்டியதுதான் அதிகம். அடுத்த மனுவில் ‘இவரிந்த’ என்று எழுதிவிட்டு அவள் பேனாவை அப்பாவிடம் நீட்ட வேண்டாம். அந்த வரிக்குக் கீழே தன் வகுப்பையும் தன் தோழிகளின் பெயர்களையும் தன் பெயரையும் எழுதட்டும். அதைப் படித்துப் பதில் எழுத வேண்டியது ஊரின் கடமை.